அருணகிரிநாதர்

15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த முருக பக்திக் கவிஞர். விஜயநகர மன்னர் பிரபுடதேவராயரைத் தம் பாடல் தொகுதியான திருப்புகழில் குறிப்பிடுவதால் இவரது காலம் தெரிகிறது.

திருவண்ணாமலைக் கோயில் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிக் காத்தான் என்பது மரபுக்கதை. பின்னர் தலம் தலமாகச் சென்று பாடினார். சந்தமே இவர் பாடலின் உயிர்: வல்லினமும் மெல்லினமும் மாறி மாறி விழ, சொற்களே தாளம் போடுகின்றன. கந்தர் அலங்காரம், கந்தர் அனுபூதி ஆகியனவும் இவர் படைப்புகளே.

ஏடுகளில் சிதறிக்கிடந்த திருப்புகழை வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடித் திரட்டி, முதற்பகுதியை 1894இல் பதிப்பித்தார். இன்று 1,300க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன.

இப்பாடல்கள் போற்றும் முருகனின் வழிபாடு, தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளரோடு மலாயாவெங்கும் வேரூன்றியது. மலாக்காவில் மாசி மகத்தன்று முருகன் ரதம் செங் என்னும் பகுதியிலுள்ள சன்னாசிமலைக்குச் செல்கிறது. மலேசியத் தமிழர் வழிபாட்டில் திருப்புகழ் இன்றும் பாடப்படுகிறது.