பேகனின் வாயிலில் நின்ற புலவர்கள்



கோடை வெப்பம் தணிய நம்மில் பலர் கொடைக்கானலுக்குப் போகிறோம். 1845-ஆம் ஆண்டில் மதுரையின் அமெரிக்க மிஷனரிமார் அங்கே முதல் வீடுகளைக் கட்டியதும் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்புவதற்கே. வெயில் தணிந்தது, தாகம் தணிந்தது, கோபம் தணிந்தது என்று நாள்தோறும் சொல்லுகிறோம். தணிதல் தானாக நிகழ்வது. தணித்தல் ஒருவர் முன்வந்து செய்வது. நம் பழைய இலக்கியத்தில் இந்த இரண்டாவது சொல்லுக்குப் பெரிய வேலை இருந்தது.

மனைவியின் ஊடலைத் தணிக்கக் கணவனுக்கும் அவளுக்கும் இடையே நிற்பவர்களை அகப்பொருள் மரபு 'வாயில்கள்' என்று அழைத்தது. தோழி, தாய், பாணன், விருந்தினர் என்று பன்னிருவரைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. பொய் பேசுகிறான் என்று தலைவி பாணனைத் துரத்தும் பாடல்களும் உண்டு. இடையே வந்த எல்லாரும் நம்பத்தக்கவர் அல்லர்.

அகப்பாடல்கள் தலைவன் பெயரைச் சொல்லமாட்டா. ஆனால் பெயரோடும் ஊரோடும் அமைந்த ஒரு வழக்கு புறநானூற்றில் இருக்கிறது. இடம், கொடைக்கானலுக்கு வடக்கே, இதே மலைத்தொடரின் அடிவாரம். பழனிக்கு அந்நாளில் பொதினி என்று பெயர். அதன் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், மயில் குளிரால் நடுங்குமென்று போர்வை கொடுத்த வள்ளல். அவனே தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியை நாடினான். (சிலப்பதிகாரத்துக் கண்ணகி வேறு, இவள் வேறு.)

கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பாடிய ஐந்து பாடல்கள், 143 முதல் 147 வரை, தொடர்ந்து நிற்கின்றன. கபிலர் பேகனின் மலையைப் பாடியபோது ஒருத்தி குழல் ஏங்குவதுபோல் அழுதாள். அவள் யாரோ, இரங்கத்தக்கவள் என்று அவனிடமே கேட்கிறார். நீ அவனுக்கு உறவோ என்று பரணர் விசாரித்தபோது, தன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்கிறாள். தன் வாயாலேயே உறவை மறுக்கும் அந்த இடத்தை என்னால் எளிதில் கடக்க முடிவதில்லை. பிறகு பரணர் தமக்குப் பசியில்லை, காப்பாற்றவேண்டிய சுற்றமும் இல்லை என்கிறார். இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரை நீக்குவதே அவர் கேட்கும் பரிசில். அரிசில்கிழாரும் பொன்னையும் பொருளையும் ஒதுக்கிவிட்டுக் குதிரைகளைத் தேரில் பூட்டச் சொல்லுகிறார். பெருங்குன்றூர்கிழார் வேண்டுவது, வாடிய அவள் கூந்தல் மீண்டும் மலர் சூட வேண்டும் என்பதே.

இவர்கள் வள்ளல்களின் கொடையால் வாழ்ந்தவர்கள் என்பதை மறவாதீர்கள். சோறிடுகிற கையின் முன்னே நின்று, உன் வீட்டில் ஒருத்தி அழுகிறாள் என்று சொல்லுவது எளிதன்று. 1 சாமுவேல் 25-ஆம் அதிகாரத்தில் அபிகாயில் செய்ததும் இத்தகையதே. வாளேந்திய நானூறு பேரோடு தாவீது கோபமாய் வருகிறான். ஒருவரும் அனுப்பாமலே அவள் கழுதைமேல் ஏறி மலையின் மறைவில் இறங்கி அவனை எதிர்கொள்ளுகிறாள். தாவீது திரும்பிப் போனான்.

பேகனின் தேர் அன்றிரவு புறப்பட்டதா என்று அந்த ஐந்து பாடல்களும் சொல்லவில்லை. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் சிறுபாணாற்றுப்படையும் அவனுடைய மயிலை மட்டுமே நினைவுகூருகிறது.