அரும்பாக்கத்து மனையும் பெரும்பாக்கத்து மாடியும்

சென்னையில் ஏழைகளுக்கு அரசு வீடு கொடுத்த வரலாற்றை ஆண்டுக் கணக்கில் எழுதினால், எத்தனை ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டன என்ற எண்ணோடு அது முடிந்துவிடும். இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். முதலாவது அரும்பாக்கம். 1977-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், வீட்டுக்குப் பதிலாக மனை பிரித்துக் கொடுத்த இடங்களுள் ஒன்று. வில்லிவாக்கம், கொடுங்கையூர், பிற்பாடு முகப்பேர் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். இரண்டாவது பெரும்பாக்கம். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எட்டு மாடி அடுக்குகளாகக் கட்டி, கூவம், அடையாறு கரைகளில் குடியிருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். இரண்டையும் செய்தது ஒரே மாநில அரசு. இரண்டும் ஒரே நகரத்து ஏழைகளுக்கானவை. ஆனால் முதல் திட்டம் அவர்களை நகரத்துக்காரர்களாக்கியது. இரண்டாவது நகரத்திலிருந்து கழித்துவிட்டது. என் வழக்கு இதுதான்.

முதலில் கொஞ்சம் முன்கதை. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி, அதே குடும்பங்களை அங்கேயே குடிவைப்பது அந்நாளைய வழி. கடலோரக் குப்பங்களில் அப்படி எழுந்த குடியிருப்புகளைச் சென்னைவாசிகள் எல்லோரும் அறிவார்கள். நல்ல வழிதான், ஆனால் செலவு பிடித்த வழி. ஒரு வீட்டுக்கு அரசு போடும் பணத்தில் மிகச் சிறிய பங்குதான் வாடகையாகத் திரும்பியது. கட்டுகிற வேகத்தைவிடக் குடிசைகள் பெருகும் வேகம் அதிகம். கடன் கொடுக்க வந்த உலக வங்கி இந்தக் கணக்கைத்தான் கேள்விக்குள்ளாக்கியது. வீடு கட்டும் வேலையைக் குடும்பத்திடம் விட்டுவிடுங்கள், குடும்பத்தால் செய்ய முடியாததை மட்டும் அரசு செய்யட்டும் என்றது.

குடும்பத்தால் செய்ய முடியாதது எது? நிலம் வாங்குவது. சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, தெருவிளக்கு ஆகியவற்றைக் கொண்டுவருவது. பத்திரம் பெறுவது. இவற்றை வீட்டு வசதி வாரியம் செய்தது. மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கான மனை ஏறத்தாழ ஒரு சென்ட். அதில் ஒரு கழிப்பறை, சில மனைகளில் அதையொட்டி ஒரு சுவரோ அடித்தளமோ. மீதியை வாங்கியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே மனைப்பிரிவில் நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பெரிய மனைகளும் கடைகளுக்கான இடங்களும் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. அந்த லாபம் சிறிய மனையின் விலையைக் குறைத்தது. மாதத் தவணை முடிந்தால் கிரயப் பத்திரம். குமாஸ்தா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கொத்தனார் வீடு இருக்கும்படி இந்த ஏற்பாடு பார்த்துக்கொண்டது. திட்டத்தின் மிக அறிவார்ந்த பகுதி இதுவே என்பேன்.

பெரும்பாக்கத்தில் இப்படிக் கலப்புக்கு இடமே வைக்கவில்லை. அங்கே எல்லோரும் ஏழைகள், எல்லோரும் எங்கிருந்தோ பெயர்க்கப்பட்டவர்கள். 2000-த்தில் குடியேற்றம் தொடங்கிய கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் வளர்ந்த செம்மஞ்சேரி, அவற்றை அடுத்துப் பெரும்பாக்கம் என்று பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பகுதியில் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களை அரசு ஒரே திசையில் குவித்தது. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பது கடினம் என்று கண்ணகி நகர் இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பழியைச் சுமக்கும் பிள்ளைகளில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். தங்கள் முகவரியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

வீட்டைப் பற்றிப் பேசும்போது சதுர அடியைப் பற்றியே பேசுகிறோம். சதுர அடிக் கணக்கில் பெரும்பாக்கம் வெல்லும். சிமெண்ட் கூரை, தனிக் கழிப்பறை, சமையலறை, மின்விசிறி மாட்டக் கொக்கி என எல்லாம் முதல் நாளிலேயே தயார். அரும்பாக்கத்தில் மனை வாங்கியவர் முதலில் ஓலைக் கொட்டகை போட்டார், அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழைக்காலத்தில் ஒழுகியிருக்கும். புகைப்படம் எடுத்து வைத்தால் முன்னது சாதனையாகவும் பின்னது குறைப்பிரசவமாகவும் தோன்றும். உலக வங்கியின் மதிப்பீட்டாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, கட்டுமானம் மெதுவாக நடக்கிறது என்று குறைபட்டார்கள். 1990களில் இந்த வகைத் திட்டமே உலகெங்கும் கைவிடப்பட்டது.

இருபது ஆண்டு கழித்து அதே இடங்களைப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். மும்பையிலும் சென்னையிலும் இத்தகைய மனைப்பிரிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, அவை நிறைந்து, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாகியிருப்பதைக் கண்டது. காரணம் எளிது. கொட்டகை போட்டவர் சீட்டு எடுத்த ஆண்டில் சுவர் எழுப்பினார். மூத்த பிள்ளை வேலைக்குப் போனதும் தளம் போட்டார். மகனுக்குக் கல்யாணம் என்றதும் மாடியில் ஓர் அறை வந்தது; மகன் வேறிடம் போனதும் அந்த அறை வாடகைக்கு விடப்பட்டது. கீழே முன்பக்கம் தையல் கடையோ இஸ்திரிக் கடையோ. குடும்பத்தின் நிலை உயர உயர வீடும் உயர்ந்தது.

எட்டு மாடி அடுக்கில் ஆறாவது மாடிக்காரர் என்ன செய்வார்? ஓர் அடி கூடச் சேர்க்க முடியாது. மகனுக்குக் கல்யாணமானால் இருக்கும் அறையில் திரை கட்ட வேண்டும், அல்லது அவர்கள் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். இட்லிக் கடை போட்டுப் பிழைத்த பெண்ணுக்கு ஆறாவது மாடியில் கடை இல்லை. தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது? லிஃப்ட் பழுதானால் குடத்தோடும் கைக்குழந்தையோடும் படியேற வேண்டும். மாடிக் கட்டடத்துக்குப் பராமரிப்பு ஓயாத செலவு. அந்தச் செலவை யார் ஏற்பது என்ற இழுபறி தொடங்கிய நாளிலிருந்து தீரவில்லை. குடியிருப்போர் சங்கங்கள் வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் பணம் போடும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் பிறகு வந்தது. வந்தது நல்லது. ஆனாலும் கட்டும்போதே யோசித்திருக்க வேண்டிய ஒன்றைக் குடியிருப்பவர்களின் பொறுப்பு என்று பெயரிட்டு ஒப்படைத்ததை என்னால் முழு மனத்தோடு பாராட்ட முடியவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு தொலைவு. 1970களில் அரும்பாக்கமும் நகரத்தின் ஓரம்தான். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடியது, அண்ணா நகர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு நகரமே அவர்களைத் தேடி வந்தது: 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு வந்தது, 2002-இல் புறநகர்ப் பேருந்து நிலையம், 2015-இல் மெட்ரோ ரயில். மனை வாங்கியவர் கையில் பத்திரம் இருந்ததால், நிலத்தின் மதிப்பு ஏறியபோது அந்த ஏற்றத்தில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

பெரும்பாக்கம் சென்ட்ரலிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் மேல். ஆற்றங்கரையில் இருந்தபோது வீட்டு வேலைக்கு நடந்து போன பெண், விடியுமுன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் அரசு அறிவித்தது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் பணம் மிச்சமாகிறதே தவிர, போக்கிலும் வரவிலும் கரையும் மணிநேரங்களை யாரும் திருப்பித் தர முடியாது. மூன்று வீட்டில் வேலை பார்த்தவர் ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகள் பள்ளி ஆண்டின் நடுவில் இடம்பெயர்க்கப்பட்டார்கள்; 2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்த குடியேற்றங்கள் அப்படித்தான் நடந்தன. வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றவே இடம் மாற்றினோம் என்றது அரசு. கொண்டுபோய் வைத்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. பெருமழைக் காலங்களில் அந்தப் பக்கத்தில் தண்ணீர் தேங்குவது செய்தித்தாள் படிப்பவர்கள் அனைவரும் அறிந்தது.

அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாக்கத்தில் குடியேற்றம் நடந்தபோது அது ஒரு கிராம ஊராட்சி. சிந்தாதிரிப்பேட்டையிலோ சைதாப்பேட்டையிலோ இருந்தவரை அந்தக் குடும்பங்கள் சென்னை மாநகராட்சியின் வாக்காளர்கள். குப்பை அள்ளவில்லை என்றால் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்கலாம். மாநகராட்சிப் பள்ளி, மாநகராட்சி மருத்துவமனை எல்லாம் அவர்கள் உரிமை. ஒரே லாரிப் பயணத்தில் அவர்கள் ஊராட்சி மன்றத்தின் மக்களானார்கள். சில ஆயிரம் பேருக்காக இருந்த ஊராட்சியின் வரி வருமானத்தில் 20,000 வீடுகளுக்கு எதைச் செய்ய முடியும்? 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகர்ப்புற வறுமை ஒழிப்பையும் நகர உள்ளாட்சிகளின் பணிகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதிவைத்திருக்கிறது. சென்னையில் அந்தப் பணி மாநில வாரியத்திடமே இருக்கிறது. கவுன்சிலருக்குத் தன் வார்டு மக்கள் எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்பதில் சொல்ல ஏதுமில்லை. ஊராட்சித் தலைவருக்குத் தன் ஊருக்கு யார் வருகிறார்கள் என்பதில் சொல்ல ஏதுமில்லை.

அரும்பாக்கத்தை நான் கோயிலாக்கவில்லை. மனைத் திட்டத்தின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மாதத் தவணை கட்டும் அளவுக்கு நிலையான வருமானம் வேண்டும், விண்ணப்பம் நிரப்ப வேண்டும், முன்பணம் வேண்டும். நடைபாதையில் படுப்பவருக்கும் அன்றாடக் கூலிக்காரருக்கும் அது எட்டாக்கனி. மனை பெற்றவர்களிலும் பலர் நல்ல விலை வந்ததும் விற்றுவிட்டுப் போனார்கள். அதைப் பலரும் திட்டத்தின் தோல்வியாகச் சொல்வதுண்டு, எனக்கு உடன்பாடில்லை. நடுத்தர வர்க்கத்துக்காரர் அடுக்ககத்தை லாபத்துக்கு விற்றால் சாமர்த்தியம், ஏழை விற்றால் துரோகமா? பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் ஒதுக்கீடு பெற்றவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டோ உள்வாடகைக்கு விட்டோ நகரத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். அங்கே விற்றவர் லாபத்தோடு போனார்; இங்கே திரும்பியவர் பிழைப்பைத் தேடிப் போனார்.

மனைத் திட்டத்தின் வாசலில் நிற்க முடியாதவர்களுக்காக அதே 1977 திட்டத்திலேயே இன்னொரு கதவும் வைத்திருந்தார்கள். குடிசைப் பகுதியை இடிக்காமல், அங்கேயே குழாயும் கழிப்பறையும் பாதையும் அமைத்து, குடியிருப்பவருக்கே அந்த நிலத்தைத் தவணை முறையில் உரிமையாக்கும் குடிசைப் பகுதி மேம்பாடு. குடிசை மாற்று வாரியம் அதைச் செய்தது. ஆட்களை நகர்த்தாமல் உதவிய அந்த வழியை விட்டதுதான் பெரும்பாக்கத்துக்குப் போகும் சாலையின் தொடக்கம்.

ஏன் விட்டார்கள்? நகரத்து நிலம் விலை ஏறியது; ஏழைக்கு மனை போட அரசுக்கு மனம் வரவில்லை. 2005-இல் வந்த ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், கட்டிய வீடுகளுக்கு மத்திய அரசுப் பணத்தைக் கொண்டுவந்தது. ஒரே இடத்தில் மொத்தமாகக் கட்டப் பெரிய நிலம் வேண்டும்; அது புறநகரில்தான் இருந்தது. ஆற்றைச் சீரமைக்கவும் மேம்பாலச் சாலை போடவும் கரைகளை விரைந்து காலிசெய்ய வேண்டியிருந்தது. தயாராக இருந்த மாடிகள் அந்த அவசரத்துக்குத் தோதாக அமைந்தன. யாருக்கு வீடு தேவை என்ற கேள்வியில் தொடங்கவேண்டிய வேலை, எந்த நிலம் காலியாக வேண்டும் என்ற கேள்வியில் தொடங்கியது.

2021 ஜூலையில் அரும்பாக்கத்திலேயே, கூவக்கரையை ஒட்டிய ராதாகிருஷ்ணன் நகர் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு காலத்தில் ஏழைகளுக்கு மனை போட்டுக் கொடுத்த அதே பகுதி. அடுத்த ஆண்டு மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பு நடந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான், அகற்றப்படும் மக்களுக்கு அருகிலேயே வீடு தருவோம் என்ற பேச்சு சட்டமன்றத்தில் எழுந்தது. இடையில் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மறுகுடியமர்வுக்கென வரைவுக் கொள்கை ஒன்றும் வெளியிடப்பட்டது.

கொள்கைக்குக் காத்திருக்கும்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கிடக்கிறது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால்தான் அங்கே மேம்பாட்டுப் பணிகளும் சட்டத்தின் பாதுகாப்புகளும் பொருந்தும். 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17. அதன்பின் நெடுங்காலம் சென்னையில் புதிதாக ஒரு பகுதிகூடப் பட்டியலில் ஏறவில்லை. இடையில் நூற்றுக்கணக்கான குடியிருப்புகள் உருவாகி, ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இடிக்கப்பட்டன. மாநகராட்சி தன் வார்டுகளில் கணக்கெடுத்து, மிஞ்சியிருக்கும் பகுதிகளின் பட்டியலை வாரியத்துக்கு அனுப்பலாம். வாரியம் அவற்றை அறிவிக்கப் பரிந்துரைக்கலாம். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புதுக் கடனும் வேண்டாம். அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும்.