நார்த்தாமலையின் மேலமலை: பெயர்களும் கல்வெட்டுகளும்

மேலமலை, புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் நார்த்தாமலை ஊரை ஒட்டி அமைந்துள்ள சிறு குன்று. சமணர் மலை என்றும் இதை அழைப்பர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் நார்த்தாமலைக்குப் பிரியும் வழி உள்ளது. விஜயாலய சோழீசுவரம் என்ற கற்றளியும் இரண்டு குடைவரைகளும் இக்குன்றின் மேல் உள்ளன. கல்வெட்டு, குடைவரை, கற்றளி ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே ஏற்றத்தில் பார்க்க விரும்பும் புதிய மாணவருக்குப் புதுக்கோட்டைப் பகுதியில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை எனலாம். இங்கே வழங்கும் பெயர்களை மட்டும் நம்பி வரலாறு எழுத முடியாது என்பதும் மேலே ஏறிய சிறிது நேரத்திலேயே புரிந்துவிடும்.

குன்றும் ஏற்றமும்

நார்த்தாமலை ஒற்றை மலையன்று. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, உவச்சமலை, பொன்மலை முதலிய ஒன்பது குன்றுகளின் தொகுதி. காடு அடர்ந்த மலைகள் அல்ல. பெரும்பாலும் வெறும் பாறை. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கியதில் மேல்தோல் ஏடு ஏடாகக் கழன்று, யானை முதுகு போல் வழவழப்பாகிவிட்ட கருங்கல் குன்றுகள் இவை.

இவற்றுள் மேலமலையின் சரிவு மென்மையானது. செங்குத்துப் படிக்கட்டுகள் இல்லை, தேவையும் இல்லை. பாறை மேல் நடந்தபடியே அரை மணி நேரத்துக்குள் கோயில் வளாகத்தை அடையலாம். பனி பெய்யும் நாடுகளில் சறுக்கு விளையாட்டைப் புதிதாகக் கற்பவர்கள் முதலில் சரிவு குறைந்த சிறு மலைகளுக்கே செல்வர். ஜப்பானில் இத்தகைய சிறு மலைகள் பல உண்டு. மலையேறிப் பழக்கமில்லாதவருக்கு மேலமலை அப்படிப்பட்டது. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தை இதனோடு ஒப்பிடலாம். பாறையின் விளிம்பில் வெட்டிய ஏழு பிடிப்புகளில் கால் வைத்துத்தான் அங்குள்ள சமணப் படுக்கைகளை அடைய வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குப் பெயரே அதனால்தான் வந்தது. துறவியருக்கு எளிதில் எட்டாத இடம் தேவைப்பட்டது. மேலமலையில் கோயில் எடுத்தவர்களுக்கோ மக்கள் ஏறி வரக்கூடிய இடம் தேவைப்பட்டது.

பாறை முற்பகலிலேயே சுடத் தொடங்கிவிடும் என்பதால் காலையில் ஏறுவது நல்லது. மழைக்காலத்தில் பாசி வழுக்கும்.

பழியிலி ஈசுவரம்

மேலே உள்ளவற்றுள் காலம் உறுதியாகத் தெரிவது சிவனுக்குரிய சிறிய குடைவரைதான். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதில் உள்ளது; ஏறத்தாழ பொ.யு. 862ஆம் ஆண்டு. விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி இக்குடைவரையைக் குடைவித்தான் என்றும், அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபமும் இடபமும் அதற்கான கொட்டிலும் பலிபீடமும் அமைத்து நிலக்கொடை அளித்தாள் என்றும் அது கூறுகிறது. சிறியநங்கையின் கணவன் மீனவன் தமிழதியரையன் என்ற பட்டம் கொண்ட மல்லன் அனந்தன்.

புதிதாகக் கல்வெட்டு படிப்பவர் இந்தச் சில வரிகளிலிருந்தே நிறைய அறியலாம். மகளின் பெயருக்கு முன் தந்தையின் பெயர் வருகிறது. ஆட்சியாண்டு பல்லவனுடையது, மருமகனின் பட்டத்தில் உள்ள ‘மீனவன்’ பாண்டியரைக் குறிக்கும் சொல். புதுக்கோட்டைப் பகுதி இரு பேரரசுகளுக்கும் இடைப்பட்ட எல்லை நிலமாக இருந்ததும், உள்ளூர்த் தலைவர்கள் இரு பக்கமும் உறவு வைத்திருந்ததும் ஒரே குடும்பத்தின் பெயர்களில் தெரிகின்றன. சிறியநங்கை கட்டிய முகமண்டபம் இன்று இல்லை. அதிட்டானம் மட்டும் எஞ்சியுள்ளது.

விஜயாலய சோழீசுவரம்

குடைவரைகள் கிழக்கு நோக்கியவை. அவற்றுக்கு எதிரே, பாறைத்தளத்தின் மறுபுறம், மேற்கு நோக்கி நிற்கிறது விஜயாலய சோழீசுவரம். அடியிலிருந்து உச்சி வரை கல்லால் ஆன கோயில். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி. விமானத்தின் கீழ்த்தளங்கள் சதுரமாக எழுந்து மேலே வட்டமாகி, உருண்டையான சிகரத்தில் முடிகின்றன. சுற்றிலும் எட்டுச் சிற்றாலயங்கள் இருந்தன. ஆறு இன்றும் நிற்கின்றன. பிற்காலப் பெருங்கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சிறியதாகத் தோன்றும். கோபுரமும் நீண்ட மண்டபங்களும் இல்லை. அதனாலேயே ஒரு கற்றளியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு கற்க இது ஏற்றது.

இதைக் கட்டியது யார் என்ற கேள்விக்குப் பெயரே விடை சொல்வதாகப் பலரும் எடுத்துக்கொள்கின்றனர். விஜயாலயன் ஏறத்தாழ 850இல் தஞ்சையைக் கைப்பற்றிச் சோழப் பேரரசுக்கு அடியிட்டவன். அவன் பெயரில் உள்ள கோயில் அவன் கட்டியதாகத்தானே இருக்க வேண்டும்? எஸ். ஆர். பாலசுப்பிரமணியம் போன்ற சோழர் கலை ஆய்வாளர்களும் இதை விஜயாலயன் காலத்துக் கோயிலாகவே கொண்டனர்.

ஆனால் வாயிற்காவலர் சிற்பத்தின் அடியில் உள்ள கல்வெட்டு எந்தச் சோழனையும் குறிப்பிடவில்லை. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் இக்கற்றளியை எடுப்பித்தான். மழையாலும் இடியாலும் சிதைந்த அதை மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான். அது சொல்வது இவ்வளவே. எதிரே உள்ள குடைவரைக் கல்வெட்டோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே சாத்தன் பழியிலி, இங்கே சாத்தன் பூதி. அங்கே மல்லன் அனந்தன், இங்கே மல்லன் விடுமன். இருவருக்கும் தமிழதியரையன் என்ற பட்டம் பொது. ‘மீனவன்’ போலவே ‘தென்னவன்’ என்பதும் பாண்டியரைக் குறிப்பதே. எதிரெதிரே நிற்கும் இரண்டு கோயில்களும் ஒரே வட்டாரத் தலைவர் குடும்பங்களின் கைப்பணி என்று கருத இவை வலுவான காரணங்கள். விஜயாலய சோழீசுவரம் என்ற பெயரோ பிற்காலக் கல்வெட்டில்தான் காணப்படுகிறது.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. விஜயாலயன் தஞ்சையைப் பறித்தது முத்தரையரிடமிருந்து என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்படியானால், தோற்றவர்களின் மிகச் சிறந்த கட்டடம் வென்றவனின் பெயரில் இன்றுவரை வழங்கி வருகிறது. கட்டடக் கூறுகளைக் கொண்டு இதைத் தொடக்கச் சோழர் பணி என்று வாதிடுவோர் இன்றும் உள்ளனர். விஜயாலயனுக்குப் பணிந்த ஒரு தலைவன் தன் புதிய அரசனின் பெயரைக் கோயிலுக்கு இட்டிருக்கவும் கூடும். எப்படியாயினும், கல்லில் கட்டியவன் பெயரும் புதுப்பித்தவன் பெயரும் வெட்டப்பட்டிருக்கும்போது, அவர்களைக் குறிப்பிடாமல் விஜயாலயனை மட்டும் எழுதும் வழக்கம் சரியன்று.

சமணர் குடகு

மற்றொரு குடைவரைக்கு ஊரார் வழங்கும் பெயர் சமணர் குடகு. உள்ளே நுழைந்தால் காண்பது பன்னிரண்டு திருமால் உருவங்கள். ஆளைவிட உயரமானவை, ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போல் வரிசையாக நிற்கின்றன. தமிழகத்தில் இத்தகைய வரிசை அரிது. மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்து, 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இங்கே திருமால் எழுந்தருளுவிக்கப்பட்டதைக் கூறுகிறது. அதற்கு முன்பு இது சமணரின் இடமாக இருந்தது என்பர். அருகிலுள்ள ஆளுருட்டிமலையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் உள்ளதால், சமணர் இவ்வட்டாரத்தில் வாழ்ந்ததில் ஐயமில்லை. விஜயாலயன் விஷயத்தில் ஐயத்துக்கு இடமளிக்கும் பெயர் வழக்கு, இங்கே ஏடறியாத பழைய நினைவைக் காத்து வந்திருக்கலாம்.

இக்குடைவரையின் கல்வெட்டுப் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். பதினெண்பூமி என்பது வணிகக் குழுவினரோடு தொடர்புடைய சொல். நார்த்தாமலை சோழர், பாண்டியர் காலங்களில் வணிகர் ஊர். நகரம் என்ற வணிகர் சபை அதை நிர்வகித்தது. தெலிங்க குலகாலபுரம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பது அறிஞர் கருத்து. நாரத முனிவரோடு இணைக்கும் கதையும் ஊரில் உண்டு; கல்வெட்டுகளில் அதற்கு ஆதாரம் இல்லை.

இக்கல்வெட்டுகள் அச்சில் கிடைப்பதற்குப் புதுக்கோட்டை சமஸ்தானமே காரணம். சமஸ்தானத்தின் கல்வெட்டுகளைக் காலவரிசைப்படுத்திய பட்டியல் 1929இல் வெளிவந்தது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. இன்று மேலமலையின் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

குன்றின் மேல் ஒரு சுனையும் உண்டு. அதன் நீருக்கு அடியில், பாறையில் குடைந்த சிறு இடத்தில் ஒரு சிவலிங்கம் இருக்கிறது. நீர் நிறைந்திருக்கும்போது எதுவும் தெரியாது. 1857இல் மன்னர் இராமச்சந்திர தொண்டைமானின் அரசி சுனையை இறைக்கச் செய்து அந்த லிங்கத்தை வழிபட்டதை அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது.