திடலில் கோடு போட்டது யார்?

சபைகூடலில் ஆண் பிள்ளைகள் ஒரு வரிசை, பெண் பிள்ளைகள் ஒரு வரிசை. ஓய்வு நேரத்தில் திடலிலும் அப்படித்தான். மாணவர்களே, இந்தப் பிரிவு தானாக வந்ததா, இல்லை ஆசிரியர்களாகிய நாங்கள் போட்டுக் கொடுத்ததா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கு.

1987-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலினர் மக்கோபியும் கேரல் ஜாக்லினும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகள் நாலரை வயதில் மறுபாலாரோடு விளையாடும் நேரத்தைவிடத் தன் பாலாரோடு சுமார் 3 மடங்கு நேரம் விளையாடுகிறார்கள். ஆறரை வயதில் அது 11 மடங்கு! பெரியவர்கள் சொல்லாமலே பிள்ளைகள் பிரிந்துகொள்கிறார்கள் என்பது மக்கோபியின் கருத்து.

சமூகவியலாளர் பேரி தோர்ன் அதோடு விட்டுவிடவில்லை. 1976–77-இல் கலிபோர்னியாவிலும் 1980-இல் மிச்சிகனிலும் தொடக்கப்பள்ளிகளுக்குப் போய், வகுப்பறை, திடல், சிற்றுண்டிச்சாலை என்று எல்லா இடத்திலும் பிள்ளைகளைக் கவனித்தார். 1993-இல் வந்த 'ஜெண்டர் பிளே' என்ற நூலில் அவர் காட்டுவதைப் பாருங்க. குடியிருப்புப் பகுதியில் பிள்ளைகள் கலந்து விளையாடுவது அதிகம். பள்ளிக்குள் வந்ததும் கோடு தடித்துவிடுகிறது. காரணம், அங்கே ஒரே வயதுக் கூட்டம் பெரிது, பார்க்கும் கண்களும் அதிகம். ஒரு பையன் ஒரு பெண் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், காதல் கிண்டல் ஆரம்பிச்சிடும். (நம்ம பள்ளியில் கேட்காத குரலா இது?) ஆசிரியர்களும் சில போட்டிகளில் ஆண், பெண் என்று அணி பிரித்தார்கள்.

கோட்டைத் தாண்டுகிற பிள்ளையின் நிலைதான் மனதைத் தொடுகிறது. பையன்களோடு திறமையாக விளையாடும் பெண் பிள்ளைக்கு ஓரளவு மதிப்பு உண்டு. பெண் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஆசைப்படும் சாதாரணப் பையனுக்குக் கேலிதான். செல்வாக்குள்ள பையன் போனால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை! தன் பாலின அடையாளத்தை ஒரு பிள்ளை உணரும் விதத்தில், நண்பர்களின் இந்தக் கேலிக்கும் பங்கு உண்டு.

பதின்ம வயதில் கோடு மங்கத் தொடங்குகிறது. சிட்னி இளைஞர்களை ஆராய்ந்த டெக்ஸ்டர் டன்பி, தனித்தனி நட்புக் குழுக்கள் படிப்படியாகக் கலப்பதை 1963-இலேயே எழுதிவிட்டார்.

கட்டுரை எழுதும் மாணவர்கள் மக்கோபியையும் தோர்னையும் வெறும் எதிரிகளாக நிறுத்திவிடாதீங்க. பிள்ளைகள் பிரிவது உண்மை. அந்தப் பிரிவைப் பெரியவர்கள் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதும் உண்மை. லிசா செர்பின் குழு 1977-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் கலந்து விளையாடுவதைப் பாராட்டியபோது அது கூடியது. பாராட்டை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. 2010-இல் லேசி ஹில்லியர்டும் லின் லிபனும் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பாலர் பள்ளி ஆசிரியர்கள் 2 வாரம் ஆண், பெண் என்று சொல்லி வரிசைப்படுத்தினார்கள். அந்த வகுப்புகளில் பிள்ளைகள் மறுபாலாரோடு விளையாடுவது குறைந்தது. அப்படிச் சொல்லாத வகுப்புகளில் அந்த மாற்றம் இல்லை.