மாத்யூஸ் ஃபைனலும் மோர்டென்சனின் மூன்று கோலும்

எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்களில் ஓர் ஆட்டக்காரரின் பெயராலேயே வழங்கப்படுகிற ஆட்டம் ஒன்று உண்டு. 1953 மே 2 அன்று வெம்ப்ளி மைதானத்தில் பிளாக்பூலும் போல்டனும் மோதிய ஆட்டம். இங்கிலாந்தில் அதை 'மாத்யூஸ் ஃபைனல்' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அன்று ஸ்டான்லி மாத்யூஸ் ஒரு கோல்கூடப் போடவில்லை. மூன்று கோல் போட்டவர் ஸ்டான் மோர்டென்சன்.

நான் மாவட்ட லீகில் பேக்காக ஆடியவன். கோல் போடாதவர்கள் பக்கமே என் மனம் சாயும். ஆனால் இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை நான் கோல் போட்டவர் பக்கம். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் ஒன்றில் ஹாட்ரிக் அடித்தவர் இன்றுவரை மோர்டென்சன் ஒருவர்தான். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு இன்னொருவர் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? அணியின் கோப்பைக்கும் தனி ஆளின் பெயருக்கும் நடுவே தொழில்முறைக் கால்பந்தில் நடந்துவரும் இழுபறி முழுவதும் அந்தக் கேள்வியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அன்று மாத்யூஸுக்கு 38 வயது. 1947-ல் ஸ்டோக் சிட்டியிலிருந்து 11,500 பவுனுக்கு பிளாக்பூல் அவரை வாங்கியபோதே, கிழவரை எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்கும் வயதுதான். 1948 இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-4 என்று தோல்வி. 1951-ல் நியூகாசிலிடம் 0-2 என்று தோல்வி. நாட்டிலேயே சிறந்த விங்கர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் கழுத்தில் எஃப்.ஏ. கோப்பை வெற்றிப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. இந்த முறையாவது கிடைக்கட்டும் என்று போல்டன் ஊரைத் தவிர இங்கிலாந்தே அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே போல்டனின் நாட் லாஃப்ட்ஹவுஸ் கோல் போட்டார். மோர்டென்சன் சமன் செய்தார். அந்தப் பந்து போல்டனின் ஹாரல்ட் ஹாசல் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனது. அதனால் அது ஹாசலின் கணக்கில் சேர வேண்டிய கோல் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பாவம், மோர்டென்சனுக்கு அதில்கூடப் பங்கு கேட்க ஆள் வந்துவிட்டது. போல்டன் மறுபடி முன்னேறி 3-1 ஆக்கியது. அந்த மூன்றாவது கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் எரிக் பெல். அவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டு, நொண்டியபடிதான் ஆடிக்கொண்டிருந்தார்.

என்னைப் போல் பின்வரிசையில் ஆடியவர்களுக்கு இந்த இடம்தான் முக்கியம். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அன்று இல்லை. அடிபட்டவர் களத்திலேயே ஏதாவது ஓர் ஓரமாக நிற்பார். போல்டனின் இடது ஹாஃப் பெல். அவர் நொண்டினார். இடது பேக் ரால்ஃப் பேங்க்ஸுக்கும் கால் பிடித்துக்கொண்டது. ஆக, போல்டனின் இடது பக்கம் முழுவதும் திறந்து கிடந்தது. பிளாக்பூலின் வலது விங்கரான மாத்யூஸ் நிற்கும் இடமே அதுதான். குள்ளமான எர்னி டெய்லர் அதைக் கண்டுகொண்டு, பந்தை மறுபடி மறுபடி மாத்யூஸின் காலுக்கே அனுப்பினார். மாத்யூஸ் உள்ளே வெட்டுவதுபோல் பாவனை காட்டுவார், பேக் சாய்வார், இவர் வெளிப்புறமாகப் போய்விடுவார். எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரே வித்தையைத் தடுக்க யாராலும் முடிந்ததில்லை. அவர் உயர்த்தி அனுப்பிய பந்து ஒன்றிலிருந்து மோர்டென்சன் இரண்டாவது கோலைப் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அறைந்து 3-3 ஆக்கினார். அதன் பிறகு, காயங்களுக்காக நீட்டித்த நிமிடங்களில் மாத்யூஸ் வலப்பக்கமாகப் புகுந்து கொடுத்த பந்தை, ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பில் பெரி உள்ளே தள்ளினார். பிளாக்பூல் 4, போல்டன் 3.

திறப்பைப் பார்த்தவர் டெய்லர், கோல்களைப் போட்டவர் மோர்டென்சன், முடித்தவர் பெரி. பெயர் மட்டும் மாத்யூஸுக்குப் போனது. அவரே அந்தப் பெயரை ஏற்கவில்லை. மோர்டென்சனின் பெயர்தான் வந்திருக்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிவந்தார். அவர் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. கோப்பையைத் தருவது ஸ்கோர், பெயரைத் தருவது நினைவு. பல வருடமாக ஒருவருக்காக ஏங்கியவர்களின் நினைவு முன்னாலேயே முடிவு கட்டிக்கொண்டுதான் மைதானத்துக்குள் வந்தது.

மூன்றே வருடத்தில் அந்த நினைவுக்கு ஓர் அதிகாரபூர்வமான பரிசும் வந்தது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் ஈர்க்கும் பகுதி இது. 1954 டிசம்பரில் வுல்வர்ஹாம்ப்டன் அணி ஹங்கேரியின் ஹோன்வெட்டை 3-2 என்று வென்றது. உலகச் சாம்பியனே இந்த அணிதான் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கொண்டாடின. பாரிஸில் 'லெக்கீப்' பத்திரிகையின் காப்ரியேல் ஹானோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பிரான்ஸ் அணிக்காக ஆடியவர். மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் வென்றுவிட்டு அப்புறம் பேசுங்கள் என்று எழுதினார். அதோடு நிற்காமல், ஐரோப்பியக் கிளப்புகளுக்கு ஒரு போட்டி வேண்டும் என்று அவரும் சக பத்திரிகையாளர்களும் விடாமல் முயன்றார்கள். 1955 செப்டம்பர் 4 அன்று லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, அதே வட்டாரத்தைச் சேர்ந்த 'பிரான்ஸ் ஃபுட்பால்' இதழிலிருந்து பாலன் டி ஓர் என்ற தங்கப் பந்து விருது வந்தது. அதற்கும் யோசனை சொன்னவர்களில் ஹானோ ஒருவர். அணிகளுக்கான பெரிய பரிசும் தனி ஆளுக்கான பெரிய பரிசும் ஏறக்குறைய ஒரே ஆசிரியர் குழுவின் மேசையிலிருந்து, ஒரு வருட இடைவெளியில் வெளியே வந்திருக்கின்றன. இரண்டும் பரம எதிரிகள் என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

முதல் ஐரோப்பியக் கோப்பையை 1956 ஜூனில் ரியல் மாட்ரிட் வென்றது. இறுதியாட்டத்தில் ரீம்ஸை 4-3 என்று தோற்கடித்தது. மாட்ரிட்டின் உயிர்நாடி ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபனோ. எதிரணியின் உயிர்நாடி ரேமோன் கோப்பா. விருது இந்த இருவரில் ஒருவருக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பத்திரிகையாளர்களின் வாக்கு எண்ணப்பட்டபோது கோப்பாவுக்கு 33 புள்ளி, டி ஸ்டெஃபனோவுக்கு 44, மாத்யூஸுக்கு 47. விருது வாங்கியபோது மாத்யூஸுக்கு வயது 41. அந்தப் பருவத்தில் பிளாக்பூல் லீகில் இரண்டாவதாக வந்திருந்தது. ஐரோப்பியக் கோப்பையிலோ இங்கிலாந்துக் கிளப் ஒன்றுகூட இல்லை. சாம்பியன் செல்சியைப் போக வேண்டாம் என்று அந்நாட்டு லீக் நிர்வாகம் தடுத்துவிட்டது. அணிகளின் போட்டிக்கு ஆளே அனுப்பாத நாட்டிலிருந்து தனி ஆள் பரிசுக்கு முதல் ஆள் போனார்.

அந்த மே மாதம் வெம்ப்ளியில் இங்கிலாந்து பிரேசிலை 4-2 என்று வென்றபோது, நில்டன் சாண்டோஸ் என்ற மாபெரும் பேக்கை மாத்யூஸ் திணறடித்திருந்தார். வாக்குகளில் அதற்குப் பங்கு இருந்திருக்கும். இருந்தாலும், அந்த 47 புள்ளியும் ஒரு வருட ஆட்டத்துக்கு விழுந்தவை என்று நான் நம்பவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் ஆடிக்களித்த ஒரு மனிதருக்கு ஐரோப்பா சொன்ன நன்றி அது. அவர் கடைசிவரை முதல் டிவிஷன் லீக் பட்டத்தை வென்றதே இல்லை. ஸ்டோக்கோடு இரண்டாம் டிவிஷனை இரண்டு முறை வென்றார். 1965-ல் ஐம்பது வயது நிரம்பி ஐந்தாவது நாள் கடைசி லீக் ஆட்டம் ஆடினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே சர் பட்டமும் பெற்றார்.

இதில் கூலிக்கணக்கு ஒன்றும் இருக்கிறது, அதை விடக் கூடாது. அன்றைய இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 1953-ல் அது வாரத்துக்கு 15 பவுனைத் தாண்டவில்லை. வெம்ப்ளியை நிரப்புகிற மாத்யூஸுக்கும், பெயரே தெரியாத பேக்குக்கும் அதே வரம்புதான். அந்த உலகத்தில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டப் பெயர் ஒன்றே வழி. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று எச்சரித்த பிறகு, 1961 ஜனவரியில் 20 பவுனில் நின்றிருந்த வரம்பு நீங்கியது. உடனே ஃபுல்ஹாம் தன் கேப்டன் ஜானி ஹேய்ன்ஸுக்கு வாரம் 100 பவுன் கொடுத்தது. அதிலிருந்து பெயருக்கு விலை வந்தது. தொழிலாளிக்குக் கிடைத்த நியாயம் என்று அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதே சமயம், அணிக்குள் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கும் பார்வை மாறியதும் அங்கிருந்துதான்.

பிறகு வந்த தங்கப் பந்துப் பட்டியலில் என் கண் நிற்கிற இடங்கள் சில. 1974 ஜூலை 7, மியூனிக். மேற்கு ஜெர்மனி 2-1 என்று நெதர்லாந்தை வென்று உலகக் கோப்பையை எடுத்தது. கேப்டன் ஃப்ரான்ஸ் பெக்கன்பவர் அதே வருடம் பயர்ன் மியூனிக்கோடு ஐரோப்பியக் கோப்பையையும் வென்றிருந்தார். தங்கப் பந்து தோற்ற கேப்டன் யோஹன் க்ரைஃபுக்குப் போனது, பெக்கன்பவர் இரண்டாவது. இடது விங்கில் பறந்த பாகோ ஹெண்டோ ரியல் மாட்ரிட்டோடு ஆறு ஐரோப்பியக் கோப்பை வென்றார். ஒரு முறைகூடத் தங்கப் பந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. ஏசி மிலானின் பாவ்லோ மால்டினிக்கு ஐந்து கோப்பை. விருதில் 1994-லும் 2003-லும் மூன்றாம் இடம். கோல்கீப்பர்களில் 1963-ல் லெவ் யாஷின், அவரோடு சரி. பந்தைத் தடுப்பவரின் வேலை நடக்காமல் போன கோல்களில் இருக்கிறது. நடக்காததை எந்த நிருபர் நினைவில் வைத்து வாக்களிப்பார்? என் இடத்தில் ஆடிய யாரைக் கேட்டாலும் இந்த மனத்தாங்கலைச் சொல்வார்கள்.

2010-ல் வெஸ்லி ஸ்னைடர் இண்டர் மிலானோடு லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்று, உலகக் கோப்பையில் ஐந்து கோல் போட்டு நெதர்லாந்தை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். விருதில் நான்காம் இடம். அந்த ஆண்டுதான் ஃபிஃபாவோடு விருது இணைந்து, பத்திரிகையாளர்களோடு தேசிய அணிகளின் கேப்டன்களும் பயிற்சியாளர்களும் வாக்களிக்கத் தொடங்கினார்கள். 2022-ல் விதியைத் திருத்தி எழுதியபோது, தனிப்பட்ட ஆட்டம் முதல் அளவுகோல், அணியின் சாதனை இரண்டாவது என்று வெளிப்படையாகவே வரிசைப்படுத்திவிட்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. தனி ஆளுக்கான பரிசு தனி ஆளைத்தான் பார்க்க வேண்டும். அதை வாங்காதவரின் ஆறு கோப்பைக்கு மதிப்புக் குறைந்ததாக எண்ணுவதுதான் தப்பு.

இந்த வரிசையில் நான் மிகவும் நேசிக்கும் மனிதர் ஜார்ஜ் வேயா. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1988-ல் ஆர்சன் வெங்கர் அவரை மொனாக்கோவுக்கு அழைத்துவந்தார். பாரிஸ் அணிக்குப் போய் 1994-ல் லீக் பட்டம் வென்றார். மிலானில் இன்னும் இரண்டு பட்டம். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கும் விருது உண்டு என்று விதி மாறிய முதல் ஆண்டான 1995-ல் தங்கப் பந்து அவருக்குத்தான் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். ஆனால் அவர் உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

உள்நாட்டுப் போரில் நொறுங்கிக் கிடந்த நாடு அது. தேசிய அணியின் விமான டிக்கெட், சீருடைச் செலவுகளை வேயா தன் கையிலிருந்து கொடுத்தார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் நின்று 2002 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அணியை இழுத்துக்கொண்டு போனார். மன்ரோவியாவில் நைஜீரியாவையே 2-1 என்று வென்றார்கள். கடைசி நாளில் நைஜீரியா கானாவை 3-0 என்று தோற்கடித்து 16 புள்ளியோடு மேலே போனது. லைபீரியா 15-ல் நின்றது. ஒரு புள்ளியில் போயிற்று. வேயாவின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் 1995-ஐ நடுவில் வைத்து எழுதுகிறார்கள். நான் எழுதினால் அந்த 15 புள்ளியை நடுவில் வைப்பேன். கூட ஆடியவர்கள் யார், அவர்களுக்குக் காலணி எங்கிருந்து வந்தது, எந்த விமானத்தில் எப்படிப் போனார்கள் என்பதிலிருந்து தொடங்குவேன்.