ஜமீனும் சீருடையும் வாளும்: குமாரமங்கலம் மரபு குறித்து ஒரு மறுவாசிப்பு

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பதவிகளை அடுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திறமை ரத்தத்தில் ஓடியது என்ற முடிவுக்கு அந்த அடுக்கு எளிதாக இட்டுச்செல்லும். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. நிலவருவாய் சில வாசல்களைத் திறந்தது. அவற்றுள் சில பின்னாளில் எல்லோருக்கும் திறந்தன, சில இன்னும் திறக்கவில்லை. குடும்பத்தின் மரபை மதிப்பிட இந்த வேறுபாடே தகுந்த அளவுகோல்.

பி. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர்; 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர்; 1949இல் இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதராகப் போனவர். மனைவி ராதாபாய் 1930இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். அதில் இந்தியப் பெண்களின் சார்பில் பங்கேற்றவர்கள் இருவர்தாம். அவர்களுள் இவர் ஒருவர். ராஜதந்திரம் இந்த வீட்டில் கணவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ஈட்டனிலும் வுல்விச் ராணுவக் கழகத்திலும் பயின்று 1933இல் பீரங்கிப் படை அதிகாரியானார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கப்பட்டது. அதுவரை அரசரின் ஆணை பெற விரும்பிய இந்திய இளைஞன் பெரும்பாலும் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தாங்கும் குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? ஆனால் பணம் வாங்கித் தந்தது நுழைவை மட்டுமே. 1942இல் லிபியப் பாலைவனத்தில், பிர் ஹக்கீம் போரில் காட்டிய துணிவுக்காக அவருக்கு பிரிட்டிஷ் ராணுவ விருதான டி.எஸ்.ஓ. கிடைத்தது. சிறைப்பட்டு, இத்தாலிய முகாமிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இதற்கெல்லாம் ஜமீனைக் காரணம் காட்டுவது அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதி. அவருடைய தம்பி மோகனும் தங்கை பார்வதியும் இங்கிலாந்திலிருந்து கம்யூனிஸ்டுகளாகத் திரும்பினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே செல்வம், ஒரே வளர்ப்பு. தேர்ந்த பாதைகளோ எதிரெதிர்.

1966இல் தரைப்படைத் தலைமைத் தளபதியான பரமசிவ பிரபாகர் 1969 ஜூனில் பொறுப்பை ஒப்படைத்தது மானெக்‌ஷாவிடம். மானெக்‌ஷா டேராடூன் அகாடமியின் முதல் அணியைச் சேர்ந்தவர். வுல்விச்சிலிருந்து டேராடூனுக்கு நடந்த இந்தக் கைமாற்றத்தை அந்தக் குடும்ப வரலாற்றின் மையத்தில் வைக்கலாம் என்பது என் துணிபு. இதற்கு முன்னோடியாக, தந்தை சுப்பராயனின் அமைச்சரவைக் காலத்திலேயே, அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால், அரசு வேலைகளில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு தரும் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது. பிறப்பால் கிடைத்த வாய்ப்பை அனுபவித்தவரின் ஆட்சியிலேயே பிறருக்கான வாய்ப்பும் அரசாணை வடிவம் பெற்றிருக்கிறது.

ராணுவத்தின் வாசல் பின்னர் எவ்வளவு அகலமானது என்பதைச் சென்னைப் புறநகரிலேயே பார்க்கலாம். குரோம்பேட்டையில் மின்ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் பரங்கிமலை. அங்கே 1963இல் தொடங்கப்பட்ட ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். தோல் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த குரோம்பேட்டையில் ஒரு கடைக்காரரின் மகள் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் தேறினால் அதிகாரியாகலாம். 1933இல் ஒரு ஜமீன் செலவிட வேண்டியிருந்ததை இன்று அரசு ஏற்கிறது.

வாள்வீச்சில் நிலைமை வேறு. குமாரமங்கலம் தளபதி குதிரையேற்றத்திலும் போலோவிலும் ஈடுபாடு கொண்டவர். ஆயினும் குதிரைப்படையின் வாளிலிருந்து பிறந்த சேபர் விளையாட்டைத் தமிழகத்திலிருந்து ஒலிம்பிக் மேடைவரை கொண்டுசென்றவர் வண்ணாரப்பேட்டையில் ஒரு கோயில் அர்ச்சகரின் மகள். பவானி தேவி 2004இல் பள்ளியில் இந்த விளையாட்டைத் தேர்ந்தது மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால். வாளின் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில் பழகினார். 2021இல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15–3 என்று வென்றார்; 2023இல் வூசி நகரில் ஜப்பானின் மிசாகி எமுராவை வீழ்த்தி ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் பெற்றார்.

இதை ஏழ்மையை வென்ற சாதனைக் கதையாக மட்டும் கொண்டாடுவது போதாது. பத்தாம் வகுப்புக்குப் பின் அவர் தலச்சேரிக்கும், பிறகு இத்தாலிக்கும் போக வேண்டியிருந்தது. ஈட்டனுக்குக் குமாரமங்கலம் பிள்ளைகள் கப்பலேறியதைப் போலவே. அன்று ஜமீன் தாங்கிய செலவை, தலச்சேரியின் அரசு மையமும் பின்னாளில் வந்த உதவிகளும் ஏற்கும்வரை, இவர் வீட்டில் கடனும் தாயின் நகைகளும் தாங்கின. ராணுவத்துக்கு டேராடூனும் பரங்கிமலையும் வந்ததைப் போல, சேபர் ஏந்த விரும்பும் தமிழ்ச் சிறுமிக்கு வீட்டருகே ஒரு களம் வர வேண்டும். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே அதற்கு இடம் பார்ப்பது கடினமல்ல.