வேர்மண்டலமும் வாடல் நோயும்: சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு வரலாறு

பருத்தி, துவரை போன்ற பயிர்கள் மண்ணில் ஈரம் இருக்கும்போதே வாடிக் காய்ந்துபோவது வாடல் நோய் எனப்படும். இதற்குக் காரணம் ஃபியூசேரியம் என்னும் மண்வாழ் பூஞ்சை. இது வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாய்களில் பரவுவதால், இலையில் மருந்து தெளிப்பது பயன் தருவதில்லை.

முன்வரலாறு

பருத்தி வாடல் நோயை அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன் 1892இல் விவரித்தார். வேரை ஒட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் தனித்தன்மையுடன் பெருகுவதை உணர்த்த, ஜெர்மனியின் ஹில்ட்னர் 1904இல் 'வேர்மண்டலம்' என்ற கருத்தை முன்வைத்தார். இந்தியாவில் துவரை வாடல் நோய் பற்றிய பட்லரின் விரிவான ஆய்வு 1910இல் வெளிவந்தது.

சென்னை ஆய்வுகள்

இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் நிலையத்தில் கோதுமை வைக்கோலை மக்கச் செய்யும் பூஞ்சைகளை ஆராய்ந்த டி. எஸ். சதாசிவன், 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். மண்வழி நோய்கள் அங்கு முதன்மை ஆய்வுப்பொருளாயின. மண்ணின் தன்மைக்கும் பருத்தி வாடலுக்கும் உள்ள தொடர்பை சி. வி. சுப்பிரமணியன் 1950இல் வெளியிட்டார். துவரையின் வேர்மண்டலத்தில் ஃபியூசேரியத்தை அடக்கும் நுண்ணுயிர்களுக்கும், அப்பயிரின் நோய் எதிர்ப்புத்திறனுக்கும் உள்ள உறவை அக்னிஹோத்ருடு ஆராய்ந்தார்.

பூஞ்சை சுரக்கும் ஃபியூசேரிக் அமிலம் ஆய்வுக்குடுவையில் மட்டுமன்றி, நோயுற்ற பருத்திச் செடியின் உள்ளேயும் உண்டாகிறதா என்பது அடுத்த கேள்வி. லட்சுமிநாராயணனும் டி. சுப்பிரமணியனும் இதை ஆராய்ந்து 1955இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். அவ்வமிலம் உருவாவதில் துத்தநாகத்தின் பங்கும் இக்கூடத்தில் ஆராயப்பட்டது.

வேரின் இருவகைப் பங்கு

பயிர் இல்லாத காலத்தில் ஃபியூசேரியம் தடித்த சுவருடைய ஓய்வு வித்துகளாக மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். வேரிலிருந்து கசியும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் அவற்றை முளைக்கத் தூண்டுகின்றன. அதே கசிவை உண்டு வளரும் பிற நுண்ணுயிர்கள் பூஞ்சையின் உணவைப் பறித்தும், எதிர்ப்பொருள்களைச் சுரந்தும் அதைத் தடுக்கின்றன. ஆகவே பகையை எழுப்புவதும், காவலரை வளர்ப்பதும் ஒரே வேர்தான்.

பயன்

ஓய்வு வித்துகள் நெடுங்காலம் உயிர்வாழ்வதால், ஓரிரு ஆண்டு பயிர்ச் சுழற்சியால் மட்டும் வாடல் நோய் முற்றிலும் நீங்குவதில்லை. எதிர்ப்புத்திறனுள்ள இரகங்கள், தொழு உரம், டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சைகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாளும் இன்றைய முறை, வேர்மண்டல அறிவின் மீதே நிற்கிறது. சதாசிவனின் ஆய்வுக்கூட மரபு, கிண்டி வளாகத்திலுள்ள தாவரவியல் உயராய்வு மையத்தில் தொடர்கிறது.